தரகர் கேட்ட முதல் கேள்வி

வியாபாரிகளாகிய எங்களுக்கு வீட்டுத் தரகர் என்றால் ஓர் இளக்காரம். நாங்கள் முதல் போட்டு, கடை வாடகை கட்டி, கடன் கொடுத்து, கடன் வசூலித்து நூற்றுக்கு ஐந்து, பத்து என்று இலாபம் பார்க்கிறோம். இந்த மனிதர் ஒரு தொலைபேசியையும் ஒரு மோட்டார் சைக்கிளையும் வைத்துக்கொண்டு, வாங்குபவரை விற்பவரிடம் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டு இலட்சக்கணக்கில் கொமிஷன் கேட்கிறாரே என்று மனம் பொருமும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2018ஆம் ஆண்டு வாப்பாவின் வீட்டை விற்க வேண்டி வந்தபோதுதான் இந்தத் தொழிலில் எவ்வளவு இருக்கிறது என்பது புரிந்தது.

வீடு வெல்லம்பிட்டியவில் இருந்தது. 11 பேர்ச்சஸ் காணி, கீழே ஒரு ஹாலும் மூன்று அறைகளும், மேலே பிறகு கட்டிய இரண்டு அறைகள். வாப்பா 1978இல் வாங்கியது. 2017இல் அவர் வபாத்தானார். மரண சாசனம் எதுவும் எழுதவில்லை. உம்மா, நான், தம்பி, இரண்டு தங்கச்சிமார் என்று ஐந்து பேர் வாரிசுகள். மார்க்கக் கணக்குப்படி வீட்டை 48 பங்காக்கினால் உம்மாவுக்கு 6, எனக்கும் தம்பிக்கும் 14 வீதம், தங்கச்சிமாருக்கு 7 வீதம். இலங்கையில் மரண சாசனம் இல்லாமல் இறக்கும் முஸ்லிமின் சொத்துக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்த மார்க்கக் கணக்கையே ஏற்றுக்கொள்கிறது. கணக்கில் எங்களுக்குள் பிரச்சினை இல்லை. வீட்டை ஐந்து துண்டாக வெட்ட முடியாது என்பதுதான் பிரச்சினை. தம்பி கட்டாரில் இருந்தான். சின்னத் தங்கச்சியின் மகளுக்கு நிகாஹ் பேசி முடிந்திருந்தது. அவள் கணவனை இழந்தவள். தன் ஏழு பங்கைத்தான் நம்பி இருந்தாள்.

முதலில் நானே விற்கலாம் என்று இறங்கினேன். துணி விற்கிறவனுக்கு வீடு விற்கத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பத்திரிகையிலும் சிங்களப் பத்திரிகையிலும் விளம்பரம் போட்டேன். அன்று ஒரு நாளில் 40 அழைப்புகளுக்கு மேல் வந்தன. அவற்றில் முக்கால்வாசி தரகர்கள். மீதிப் பேரில் பாதிப் பேர், கடைசி விலை என்ன என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். வந்து பார்த்தவர்கள் ஏழு பேர். ஒருவர் மூன்று முறை வந்து, மூன்றாம் முறை மனைவியின் தாயாரையும் கூட்டிக்கொண்டு வந்து, தேநீரும் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு புறக்கோட்டையிலிருந்து ஓடினேன். இரண்டு மாதம் கடை வியாபாரம் கெட்டதை நான் கணக்கில் எழுதவில்லை. எழுதியிருந்தால் கொமிஷன் பெரிதாகத் தெரிந்திருக்காது.

பிறகு ஒரு தரகர் வந்தார். நல்ல உடை, நல்ல பேச்சு. "ஹாஜியார், உங்க கைக்கு 140 இலட்சம் வேணும், அவ்வளவுதானே? மேல வாறத நான் பாத்துக்கொள்றன். கொமிஷன் ஒரு சதமும் வேணாம்" என்றார். கேட்கும்போது இனிப்பாகத்தான் இருந்தது. எங்கள் கடைத் தெருவில் இப்படிப் பேசி விற்கிறவர்களைக் கண்டிருக்கிறேன், ஆகவே ஒத்துக்கொள்ளப் பார்த்தேன். இரண்டு வாரம் கழித்து எனக்குத் தெரிந்த ஒருவர் சொன்னார், அந்தத் தரகர் அதே வீட்டுக்கு அவரிடம் 170 கேட்டாராம். வீடு எனது, விலை அவரது. 30 இலட்சம் அவருடைய பைக்கு. அதையும்விட மோசம், 155, 160க்கு எடுக்கக்கூடியவர்கள் அவர் சொன்ன விலையைக் கேட்டே திரும்பிப் போயிருப்பார்கள். வீட்டுக்கு விலை கூடியது என்ற பெயரும் ஊரில் வந்துவிட்டது. தரகர் யாருக்காக வேலை செய்கிறார், அவருடைய கூலி என்ன என்பது இரண்டு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். மார்க்கம் தெரிந்தவர்களும் கூலி தெரியாத ஒப்பந்தத்தைப் பற்றி எச்சரிக்கிறார்கள்.

மூன்றாவதாக வந்தவரைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். கொலன்னாவைப் பக்கத்தவர், அறுபதைத் தாண்டியவர், எல்லோரும் அவரை நாநா என்றே அழைப்பார்கள். பழைய மோட்டார் சைக்கிளின் பெட்டியில் ஒரு ஃபைல் வைத்திருப்பார். நான் வீட்டைக் காட்ட எழும்பினேன்.

"வீட்ட பொறகு பாப்பம். உறுதி எங்க?"

இதுதான் அவருடைய முதல் கேள்வி. உறுதியைக் கொடுத்தேன். பிளானைக் கேட்டார். கொடுத்தேன். சோலை வரி கட்டிய பற்றுச்சீட்டு, கட்டட அனுமதி, தண்ணீர், மின்சார பில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாதி என்னிடம் இல்லை. மேல் மாடிக்கு வாப்பா பிரதேச சபையில் அனுமதி எடுக்கவே இல்லை என்பது அன்றுதான் தெரியும். "டெஸ்டமென்டரி வழக்கு முடிஞ்சா?" என்று கேட்டார். நடக்கிறது என்றேன். "அப்ப முடியட்டும். முடியாம நான் விளம்பரம் போட மாட்டன்" என்று ஃபைலை மூடினார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், சரக்கு துறைமுகத்தில் கிடக்கும்போது அதை விற்றதாகச் சொல்லி முற்பணம் வாங்குகிறவனை நாங்கள் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்?

இந்த நாட்டில் அசையாச் சொத்து வாயால் விற்கப்படுவதில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் அதற்கு எழுத்தும், நொத்தாரிசும், இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்கிறது. எழுதினால் மட்டும் போதாது. காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். ஒரே காணிக்கு இரண்டு உறுதி எழுதப்பட்டால், முதலில் எழுதியவரைவிட மோசடியில்லாமல் முதலில் பதிந்தவருக்கே முந்துரிமை கிடைக்கலாம். ஆகவே சட்டத்தரணிமார் குறைந்தது 30 வருடத்துப் பதிவுகளையாவது பின்னோக்கிப் பார்க்கிறார்கள். நாநா அந்த வேலையைச் சட்டத்தரணியிடம் விட்டுவிட்டுச் சும்மா இருப்பவரல்ல. பதிவகத்துப் பிரதியைத் தானே எடுத்து, எங்கள் வாப்பாவின் உறுதி இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். வீதிக் கோட்டுச் சான்றிதழும், காணி சபைக்கு எடுக்கப்படவில்லை என்ற சான்றிதழும் எடுக்கச் சொன்னார். புதிதாக அளந்தபோது 11 பேர்ச்சஸ் என்று நாங்கள் நாற்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்த காணி, ஒழுங்கை அகலித்த பிறகு 10.6தான் இருந்தது. ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. அதில் பத்தில் நான்கு பங்கு போனால் ஒரு சின்ன அறையின் அளவு. வாங்குபவர் தன் அளவையாளரைக் கொண்டு வந்து கண்டுபிடித்திருந்தால் பேரம் எங்கே போயிருக்கும்?

தம்பி கட்டாரிலிருந்து அற்றோணித் தத்துவம் அனுப்ப வேண்டியிருந்தது. அதைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி, இங்கே பதிவு செய்து கைக்கு எடுப்பதற்குள் ஒன்றரை மாதம். எங்கள் ஐந்து பேரின் அடையாள அட்டைப் பிரதிகளையும் நாநா வாங்கி வைத்துக்கொண்டார். எதற்கு என்றேன். 2006ஆம் ஆண்டு நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டமும் 2018இல் வந்த விதிகளும் காணி, வீடு விற்கும் தரகர்மாரும் தங்கள் வாடிக்கையாளர் யார் என்று அறிந்திருக்க வேண்டும் என்கின்றன என்றார். ஒரு பையில் பணம் கொண்டுவந்து வீடு கேட்பவர்களை அவர் கூட்டிக்கொண்டு வருவதில்லை.

விலை வைத்த விதத்தையும் சொல்ல வேண்டும். நான் இணையத்தில் பார்த்து ஒரு பேர்ச் 16 இலட்சம் என்றேன். அவர் சிரித்தார். "அது கேக்குற விலை. வித்த விலை இல்ல." கடைசி ஒரு வருடத்தில் அந்தப் பக்கம் கைமாறிய ஆறு வீடுகளின் விலை அவருடைய ஃபைலில் இருந்தது. ஒழுங்கையின் அகலம் எத்தனை அடி, லொறி உள்ளே வருமா, பள்ளிவாசலுக்கு எத்தனை நிமிட நடை, வீட்டின் வயது என்று ஒவ்வொன்றுக்கும் கூட்டிக் கழித்து 168 கேட்கலாம், 155க்கும் 162க்கும் இடையில் முடியும் என்றார். உறுதியில் எழுதப்பட்ட விலைகளைப் பார்த்து விலை வைக்கக்கூடாது என்பதும் அவர் சொல்லித் தந்தது. முத்திரைத் தீர்வைக்குப் பயந்து பலர் குறைத்து எழுதுகிறார்கள்.

பிறகுதான் வீட்டைப் பார்த்தார். ஹாலில் நின்றவர் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஹாஜியார், வீடு முழுக்கப் பழைய பெயின்ட். ஹாலுக்கு மட்டும் ஏன் புதுசு?"

எனக்கு முகம் கறுத்துவிட்டது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டிய, கொலன்னாவைப் பக்கமெல்லாம் நீரில் மூழ்கியது வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. வாப்பா கணக்குப் பிள்ளையாக இருந்து வியாபாரியானவர். எதையும் எழுதி வைப்பார். தண்ணீர் வற்றியதும் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு '2016 மே' என்று எழுதினார். அதற்குக் கீழே '1989 ஜூன்' என்று இன்னொரு கோடு முன்பே இருந்தது. வீட்டை விற்க நினைத்தவுடன் நான் செய்த முதல் வேலை ஹாலுக்குப் பெயின்ட் அடித்து அந்த இரண்டு கோடுகளையும் மறைத்ததுதான். கடையில் கறை பட்ட துணியை மடிப்புக்குள் வைத்து விற்றால் பையனை ஏசுகிறவன் நான்.

நாநா சத்தம் போடவில்லை. "தண்ணி வந்தத நான் சொல்லித்தான் காட்டுவன். வேணாமெண்டா வேற ஆளப் பாருங்க" என்றார். குறையை மறைத்த வியாபாரத்தில் பறக்கத் இல்லை என்று ஜும்ஆவில் கேட்டிருக்கிறேன். கேட்பது வேறு. அன்று என் மனதில் ஓடியது வேறு கணக்கு. இது என் சொத்து மட்டுமல்ல. என் நேர்மைக்குத் தங்கச்சியின் பங்கிலிருந்து விலை கொடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? இப்படி ஒரு நியாயம் சொல்லி என் தவறை நானே மூடப் பார்த்தேன். அன்றிரவு சின்னத் தங்கச்சியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள், "வாப்பா அந்தக் கோட்ட எதுக்கு நாநா போட்டு வெச்சாரு?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் நாநாவுக்குச் சம்மதம் சொன்னேன். அவர் விளம்பரம் எழுதியதைப் பாருங்கள். அழகிய, விசாலமான, அரிய வாய்ப்பு என்று ஒரு சொல்லும் இல்லை. 10.6 பேர்ச்சஸ், தெளிவான உறுதி, வழக்கு முடிந்தது, லொறி வரும் ஒழுங்கை, பள்ளிவாசல் நான்கு நிமிட நடை, மேல் மாடிக்கு அனுமதி இல்லை, இவ்வளவுதான். வீட்டிலிருந்து உடைந்த அலுமாரியையும் வாப்பாவின் பழைய பேப்பர்க் கட்டுகளையும் அகற்றச் சொன்னார். காலை ஒன்பது மணி வெளிச்சத்தில் ஜன்னல்களைத் திறந்து வைத்துப் படம் எடுத்தார். ஒழுகிய இரண்டு குழாய்களை மாற்றச் சொன்னார். பெரிய செலவு எதுவும் வேண்டாம், விற்கிற வீட்டுக்கு டைல்ஸ் பதிக்கிறவன் காசைத் தண்ணீரில் போடுகிறான் என்பது அவர் கட்சி.

தொலைபேசியில் வருகிறவர்களை அவர் சலித்தெடுத்த விதம் எங்களுக்குப் பாடம். கைக்காசா, வங்கிக் கடனா என்பதுதான் முதல் கேள்வி. வங்கி என்றால் எந்த வங்கி, கடிதம் இருக்கிறதா என்று கேட்பார். வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பும், அவர் அனுமதியில்லாத மேல் மாடிக்கு விலை போட மாட்டார், ஆகவே வாங்குபவர் எதிர்பார்த்த தொகை கிடைக்காது என்பதை முன்பே சொல்லிவிடுவார். வட்டியில்லாமல் வாங்க விரும்பிய இளம் தம்பதிக்கு, வங்கியும் வாடிக்கையாளரும் சேர்ந்து வாங்கி, வங்கியின் பங்கை மாதாமாதம் வாங்கிக் குறைக்கும் முஷாரகா முறையை அவரே விளக்கினார். அவர்கள் எங்கள் வீட்டை எடுக்கவில்லை. தண்ணீர்க் கதையைக் கேட்டதும் மனைவி வேண்டாம் என்றுவிட்டார். ஆறு மாதம் கழித்து அவர்களுக்கு வேறு ஊரில் ஒரு வீடு பார்த்துக் கொடுத்ததும் நாநாதான்.

ஏழாவதாக வந்தவர் மாவனெல்லையைச் சேர்ந்த பலசரக்கு வியாபாரி, ஐந்தாம் குறுக்குத் தெருவில் கடை. கீழே களஞ்சியம், மேலே குடியிருப்பு என்பது அவர் எண்ணம். நாநா அவரை நேரே ஹாலுக்குக் கூட்டிப் போய், தன் இடுப்புக்கு மேலே கையை வைத்து, "2016இல இங்க வரைக்கும் தண்ணி" என்றார். நான் வாசலில் நின்றேன், உள்ளே போக மனம் வரவில்லை. வந்தவர் ஒன்றும் பேசாமல் போனார். எட்டு நாள் கழித்து வந்தார். "162 எண்டு மனசில வெச்சுத்தான் வந்தன். தண்ணிக்கு 12 கழிங்க" என்றார். 150க்கு முடிந்தது.

தரகர்மாரை அக்காலத்தில் ஸமாஸிரா என்று அழைத்தார்கள், நபி (ஸல்) அவர்கள் அதைவிட அழகாக வியாபாரிகள் என்று அவர்களை அழைத்து, வியாபாரத்தில் வீண் பேச்சும் சத்தியம் செய்வதும் கலந்துவிடுவதால் அதோடு ஸதகாவையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று ஹதீஸில் வருகிறது. இதை எனக்குச் சொன்னதும் நாநாதான், நொத்தாரிசின் வாசலில் காத்திருந்தபோது. வாங்காத ஒருவரை வாங்குபவர்போல் கூட்டிக்கொண்டு வந்து விலையை ஏற்றுவதை மார்க்கம் தடுத்திருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் வீட்டு வியாபாரத்தில் அது எவ்வளவு சர்வசாதாரணம் என்பதை அவர் சொன்ன கதைகளைக் கேட்டுத்தான் அறிந்தேன்.

முற்பணம் பத்து வீதம், மூன்று மாத உடன்படிக்கை, நொத்தாரிசின் முன்னால். முற்பணத்தை நாநா கையால் தொடவில்லை. வங்கிக் காசோலையாக எங்கள் பெயருக்கு வந்தது. உறுதி எழுதும் நாளில் வாங்குபவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, உறுதியில் 90 இலட்சம் என்று போடலாமா என்றார். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம் முத்திரைத் தீர்வை. 150க்கு அது 5,99,000 ரூபா. அவருக்கு அது பெரிய தொகைதான். நாநா காதில் விழுந்துவிட்டது. மாகாண இறைவரித் திணைக்களம் பெறுமதியை ஏற்காவிட்டால் மீதியைக் கேட்கும், நாளை நீங்கள் விற்கப் போனாலும் வங்கிக்குப் போனாலும் இந்த 90தான் உங்கள் எழுத்து என்று அவரிடம் சொன்னார். 150 என்றே எழுதப்பட்டது. இதனால் எனக்கு இலாபமோ நட்டமோ இல்லை, இருந்தாலும் மனம் இலேசானது.

நாநாவின் கொமிஷன் இரண்டரை வீதம், 3,75,000. பொதுவாக 3 கேட்கிறார்கள். நான் பேசிக் குறைத்தேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சட்டத்தரணி, அளவை, வரி நிலுவை, குழாய், துப்புரவு எல்லாம் சேர்த்து இன்னொரு 2,25,000. மீதி 144 இலட்சம். பங்கு ஒன்றுக்கு 3 இலட்சம். உம்மாவுக்கு 18, எனக்கும் தம்பிக்கும் 42 வீதம், தங்கச்சிமாருக்கு 21 வீதம். சின்னத் தங்கச்சி அந்த 21இல் மகளின் நிகாஹை முடித்து, மீதியைக் கொண்டு மருமகனுக்கு ஒரு சிறு கடை போட்டுக் கொடுத்தாள்.

தம்பிக்கு மனம் ஆறவில்லை. 12 இலட்சத்தில் அவனுடைய பங்கு மூன்றரை இலட்சம். "பெயின்ட் அடிச்ச ஆளே வாயத் திறந்து கெடுத்துட்டாரு" என்று அவன் மனைவி இன்றும் சொல்வதாகக் கேள்வி. நோன்புப் பெருநாளைக்கு வருவான், சாப்பிடுவான், அந்தப் பேச்சை மட்டும் எடுக்க மாட்டான். நானும் எடுப்பதில்லை. பெரியவன் என்ற முறையில் விற்பதற்கு முன்பே அவனையும் தொலைபேசியில் கேட்டிருக்க வேண்டும். அது என் குறை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியோடு களனி கங்கை மீண்டும் பெருகி, வெல்லம்பிட்டிய நீரில் கிடந்த செய்தியைப் பார்த்தபோது எனக்கு அந்த ஹால்தான் ஞாபகம் வந்தது. இரண்டு நாள் தயங்கி, மூன்றாம் நாள் அந்த மாவனெல்லைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். என்ன சொல்வாரோ என்று பயம். கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர் என்றார். மிளகும் மல்லியும் ஏலக்காயும் முதல் நாள் இரவே மேல் மாடிக்கு ஏற்றியாகிவிட்டதாம். வீட்டை வாங்கிய வருடமே ஹால் சுவரில், நாநா கை வைத்துக் காட்டிய இடத்தில், சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாராம். நாநாவின் நம்பர் இருக்கிறதா, மருமகனுக்கு மேட்டு நிலத்தில் ஒரு வீடு பார்க்க வேண்டும் என்று கேட்டார். கொடுத்தேன்.